பினாங்கின் போர்க்காலத்தை எழுதிய ப.சிங்காரம்

இரண்டாம் உலகப் போரை நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் மீது குண்டு வீசின. சில நாள்களிலேயே ஆங்கிலேய அரசு ஐரோப்பியர்களைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டுத் தானும் வெளியேறியது. உள்ளூர் மக்கள் கைவிடப்பட்டனர்.

அக்காலப் பினாங்கு என்றதும் சார்க்கீஸ் சகோதரர்களின் ஈ அண்ட் ஓ ஹோட்டலும் அங்குத் தங்கிய துரைமார்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதே ஊரில் செட்டியார் கிட்டங்கிகளில் கணக்கு எழுதிய தமிழ் இளைஞர்கள் என்ன ஆனார்கள்? அதை நாவலாக எழுதியவர் ப.சிங்காரம்.

இவர் 1920இல் தமிழ்நாட்டின் சிங்கம்புணரியில் பிறந்தார். மதுரையில் படித்தார். 1938இல், பதினெட்டு வயதில், பிழைப்புக்காகக் கடல் கடந்து சுமத்ராவின் மெடான் நகருக்கு வந்து ஒரு வட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். நம் வயதில் அவருக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. ஆனால் வாசிப்பை விடவில்லை. ஹெமிங்வே போன்ற உலக எழுத்தாளர்களை அங்கேதான் தேடிப் படித்தார்.

பிறகு போர் வந்தது. டச்சு ஆட்சி சரிந்து ஜப்பானியர் மெடானுக்குள் நுழைந்ததையும், 1945இல் அவர்கள் சரணடைந்ததையும், இந்தோனேசிய விடுதலைப் போராட்டம் வெடித்ததையும் அவர் அருகிலிருந்து பார்த்தார். சொந்த வாழ்விலும் பேரிடி விழுந்தது. முதல் பிரசவத்திலேயே மனைவியும் குழந்தையும் இறந்தனர். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1946இல் தமிழகம் திரும்பியவர், மதுரையில் 'தினத்தந்தி' நாளிதழில் சேர்ந்து சுமார் 40 ஆண்டுகள் பணியாற்றினார். ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறை ஒன்றே அவரது வீடு. அங்கிருந்துதான் இரண்டு நாவல்களை எழுதினார்.

முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்'. 'கலைமகள்' போட்டியில் பரிசு பெற்று 1959இல் வெளிவந்தது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த செல்லையா, போர் முடிந்தபின் மீண்டும் பினாங்கு வட்டிக்கடை வாழ்வுக்குத் திரும்புகிறான். துப்பாக்கி பிடித்த கை, பேரேடு பிடிக்க ஏற்றதா என்று முதலாளி சந்தேகப்படுகிறார். அவர் மகள் மரகதத்தின் மீது செல்லையா கொண்ட காதலும் அந்தச் சந்தேகத்தில் சிக்கிக்கொள்கிறது.

இரண்டாவது 'புயலிலே ஒரு தோணி'. 1962 வாக்கில் எழுதி முடித்த இந்நாவல், பத்தாண்டுகள் காத்திருந்து 1972இல்தான் நூலானது. ஜப்பானியர் மெடானுக்குள் நுழைவதில் கதை தொடங்குகிறது. நாயகன் பாண்டியன் தொங்கானில் ஏறி, புயலில் சிக்கி, பினாங்கு வந்து சேர்கிறான். பிறகு ராணுவம், போர், மீண்டும் சுமத்ரா என அவன் வாழ்க்கை சுழல்கிறது. மலாய், சீனம், டச்சு, ஜப்பானியம் எனப் பல மொழிச் சொற்கள் கலந்த அந்தத் தமிழ், பினாங்குக் கடைத்தெருவில் நடக்கும் நமக்கு அந்நியமாக இருக்காது. முடிவை நீங்களே படித்து அறியுங்கள்.

நூல் வெளிவந்தபோது பெரிய வரவேற்பு இல்லை. அதன்பின் சிங்காரம் வேறு நாவல் எழுதவில்லை. தமிழின் மிகச் சிறந்த நாவல்களில் ஒன்றாக இதை விமர்சகர்கள் கொண்டாடத் தொடங்கியபோது அவர் முதுமையை எட்டியிருந்தார். சிக்கனமாக வாழ்ந்து சேர்த்த பணத்தை ஏழை மாணவர்களின் கல்விக்குக் கொடுத்துவிட்டு, 1997 டிசம்பரில் மறைந்தார்.

போர்க்காலத்தை நேரில் கண்ட பினாங்குத் தமிழர்கள் இன்று மிகச் சிலரே. பலருடைய அனுபவங்கள் எழுதப்படாமலேயே அவர்களோடு மறைந்துவிட்டன. ஒரு வட்டிக்கடை ஊழியர் பேனா எடுத்ததால் ஒரு பகுதியாவது நமக்கு மிஞ்சியது. முதலில் சிறிய நாவலான 'கடலுக்கு அப்பால்' படியுங்கள். வீட்டில் வயதான தாத்தா, பாட்டி இருந்தால் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.