கரியில் ஓடிய பேருந்து

உரைநடை உலகம்

நுழையும்முன்

விலை மிகுந்ததே சிறந்தது என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. எஞ்சினுக்கு எரிபொருள் தேர்வதில் அவ்வெண்ணம் பொருந்துவதில்லை. ஒவ்வோர் எஞ்சினுக்கும் அதன் அமைப்புக்கேற்ற எரிபொருள் உண்டு. அதை அறிந்து அளிப்பதே அறிவுடைமை. பெட்ரோல் அரிதாகிவிட்ட போர்க்காலத்தில் மரக்கரியைக் கொண்டு பேருந்துகள் ஓட வழிகண்ட ஒருவரின் வாழ்க்கை இவ்வுண்மையை நமக்கு உணர்த்துகிறது.

மூன்றெழுத்து

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையையொட்டிய சிற்றூர்களில் விடியற்பொழுதில் நின்று பார்த்தால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். பால் கேன்களையும் மணிலா மூட்டைகளையும் மாட்டுத் தீவனக் கட்டுகளையும் சுமந்துகொண்டு சிறிய இருசக்கர வண்டிகள் வரிசையாகச் செல்லும். 1980ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து வெளிவரத் தொடங்கிய அவ்வண்டியை மக்கள் டி.வி.எஸ். 50 என்று அழைத்தனர். எளிய உழவரின் வீட்டிலும் இடம்பிடித்த அவ்வண்டியின் பெயரிலுள்ள மூன்றெழுத்து, ஒரு மனிதரின் பெயர்ச் சுருக்கமாகும். அதை ஏதோ ஒரு தொழிற்பெயர் என்று பலர் எண்ணுவதுண்டு. ஆயினும், அது டி.வி. சுந்தரம் என்னும் பெயரின் சுருக்கமே. அவ்வண்டி வெளிவருவதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் மறைந்துவிட்டார்.

வழிமாறிய வாழ்க்கை

டி.வி. சுந்தரம் இன்றைய திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள திருக்குறுங்குடியில் 1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பிறந்தார். மகன் வழக்கறிஞராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அவ்விருப்பப்படியே சட்டத்துறையில் தம் வாழ்வைத் தொடங்கினார். பின்னர் இரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். மாதந்தோறும் ஊதியம் தரும் பணியைப் பெரும்பேறாகக் கருதிய காலம் அது. அவரோ அப்பணியை விட்டு விலகி, அன்று பலரும் துணியாத ஒரு தொழிலில் இறங்கினார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில் பாதை இல்லாத ஊர்களுக்கு மாட்டுவண்டியும் குதிரைவண்டியுமே துணை. முப்பது கல் தொலைவைக் கடக்க ஒரு பகலோ ஓர் இரவோ வேண்டியிருந்தது. மோட்டார் வண்டியைச் செல்வர்களின் பொழுதுபோக்குப் பொருளாகவே மக்கள் கண்டனர். அவ்வண்டியைப் பொதுமக்கள் கட்டணம் கொடுத்து ஏறிச்செல்லும் ஊர்தியாக்க முடியும் என்று சுந்தரம் நம்பினார். 1911ஆம் ஆண்டில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ் என்னும் நிறுவனம் உருவாயிற்று. தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியவர், பின்னர் மதுரையைத் தம் தொழிலின் தலைமையிடமாக்கிக்கொண்டார்.

நேரமும் நேர்த்தியும்

அக்காலச் சாலைகள் மண்ணாலும் சரளைக் கல்லாலும் ஆனவை. மாடுகளின் இலாடங்களிலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் சாலையெங்கும் கிடக்கும். அவை உருளிப் பட்டைகளைக் கிழித்துவிடும். அந்த ஆணிகளை அகற்றக் காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓடச் செய்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வர். அவருடைய பேருந்து வருவதைக் கண்டு மக்கள் தம் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டனர் என்னும் செய்தியும் மதுரை வட்டாரத்தில் வழங்குகிறது. பயணியின் நேரத்தை மதிப்பதே தொழிலின் முதல் கடமை என்பதை அவர் சொல்லால் அன்றிச் செயலால் நிறுவினார்.

பேருந்து ஓட்டுவதோடு அவர் நின்றுவிடவில்லை. பழுது நீக்கும் பணிமனைகள், உதிரி உறுப்புகளின் விற்பனை, அயல்நாட்டு வண்டிகளின் விற்பனை உரிமை என ஒன்றையொன்று தாங்கும் தொழில்களை வளர்த்தார். வண்டியை விற்பவருக்கு அதைப் பேணும் பொறுப்பும் உண்டு என்பது அவர் வகுத்த நெறி. இத்தொழிலறிவே பின்னர் வந்த பெருநெருக்கடியில் அவருக்குக் கைகொடுத்தது.

வறண்ட பெட்ரோல்

1939ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. படைகளின் தேவைக்கே பெட்ரோல் முதலில் ஒதுக்கப்பட்டது. 1941ஆம் ஆண்டில் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீட்டு முறை வந்தது. மறு ஆண்டு நிலைமை மேலும் கடுமையாயிற்று. அன்று இந்தியாவின் எண்ணெய்த் தேவையில் பெரும்பகுதியை நிறைவு செய்தது பர்மா. 1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இரங்கூன் சப்பானியர் வசமானது. ஏப்ரல் மாதத்தில், பகைவர் கையில் சிக்கக்கூடாது என்று ஏனாங்யாங் எண்ணெய் வயல்களைப் பின்வாங்கிய பிரிட்டன் படையினரே அழித்தனர். அசாமின் திக்பாயில் கிடைத்த எண்ணெய் நாட்டின் தேவைக்குப் போதவில்லை.

பேருந்துகள் நின்றால் முடங்குவது முதலாளியின் வருவாய் மட்டுமன்று. சந்தைக்குச் செல்லும் உழவர், மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளி, நகரத்துப் பள்ளிக்குச் செல்லும் மாணவர் என அனைவரின் வாழ்வும் தடைபடும். முப்பது ஆண்டுகளில் மாட்டுவண்டிப் பயணத்தை மறந்துவிட்ட ஊர்கள் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். போர் முடியும்வரை வண்டிகளைக் கொட்டகையில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பது எளிது. பெட்ரோல் இல்லாமல் பெட்ரோல் எஞ்சினை இயக்க வழியுண்டா என்று ஆராய்வது அரிது. சுந்தரத்தின் நிறுவனம் அரிய வழியைத் தேர்ந்தது.

எஞ்சின் வேண்டுவது எது?

அவ்வழியின் அருமையை உணர, எஞ்சினின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். எரிபொருள் ஆவியும் காற்றும் கலந்த கலவையை எஞ்சின் தன் உருளைக்குள் அழுத்துகிறது. தீப்பொறி பட்டதும் சுடர் தோன்றிச் சீராகப் பரவ வேண்டும். அச்சுடர் சென்று சேருமுன்பே கலவையின் எஞ்சிய பகுதி தானாக வெடித்து எரிந்தால் எஞ்சினில் தட்டும் ஓசை எழும், ஆற்றல் வீணாகும், நாளடைவில் எஞ்சினின் உறுப்புகள் சிதையும். இவ்வாறு தானே வெடிக்காமல் தாங்கும் தன்மையை அளக்கும் எண்ணே ஆக்டேன் எண்.

கலவையை மிகுதியாக அழுத்தும் எஞ்சினுக்கு உயர்ந்த ஆக்டேன் எண் கொண்ட எரிபொருள் தேவை. குறைவாக அழுத்தும் எஞ்சினுக்கு அது தேவையில்லை. செருமானியப் பொறியாளர் ஃபெலிக்ஸ் வாங்கல் வடிவமைத்த சுழல் எஞ்சினில், மற்ற எஞ்சின்களில் உள்ளதுபோலக் கொதிக்கும் வெளியேற்றுக் கதவிதழ் இல்லை. ஆதலால், கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி பொருத்தப்படாத சுழல் எஞ்சின் பலவும் சாதாரண பெட்ரோலிலேயே நன்கு இயங்கின. அத்தகைய வண்டிக்கு விலை மிகுந்த பெட்ரோலை ஊற்றுவதால் பணம் செலவாகுமேயன்றி வேகம் கூடாது. ஆக்டேன் எண் எரிபொருளின் தாங்கும் தன்மையைக் காட்டுவது. அதிலுள்ள ஆற்றலின் அளவைக் காட்டுவதன்று.

கரிவாயுக்கலன்

சுந்தரத்தின் நிறுவனம் வடிவமைத்து உருவாக்கிய கருவி டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்று பெயர் பெற்றது. கரியிலிருந்து வாயுவை உண்டாக்கி எஞ்சினை இயக்கும் முறையை அந்நாளில் ஐரோப்பிய நாடுகளும் கையாண்டன. அம்முறையை நம் நாட்டுச் சாலைக்கும் வண்டிக்கும் ஏற்றதாக்கி, பணிமனையில் செய்து, ஓடும் வண்டியில் பொருத்தித் தரும் அளவுக்கு வளர்த்ததே இந்நிறுவனத்தின் சிறப்பு.

கரிவாயு வண்டி இயங்கும் முறை எளியது. நெடிய இரும்புக் கலத்தில் மரக்கரியை நிரப்பித் தீ மூட்டுவர். போதிய காற்றை விடாமல் அளவாகவே செலுத்துவதால் கரி முழுமையாக எரியாது. முதலில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, தணலாய்க் கனன்றுகொண்டிருக்கும் கரியின் ஊடே செல்லும்போது கார்பன் மோனாக்சைடாக மாறும். இது எரியக்கூடிய வாயு. சாம்பலையும் தூசியையும் வடிகட்டி, வெப்பத்தைத் தணித்து, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் அனுப்பினால் வண்டி ஓடும்.

ஆனால், முறை எளிதாயினும் நடைமுறை கடினமானது. ஓட்டுநரும் உதவியாளரும் வைகறையிலேயே வந்து, விசிறியைக் கையால் சுழற்றிக் கரியைக் கனலச் செய்ய வேண்டும். வடிகட்டியை நாள்தோறும் தூய்மை செய்யாவிடில் சாம்பல் துகள்கள் எஞ்சினைத் தேய்த்துவிடும். ஈரமான கரி பயன்படாது. கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு. கலத்தில் சிறு கசிவு இருந்தாலும் மூடிய கொட்டகைக்குள் உயிருக்கே இடர் நேரும். எல்லாவற்றுக்கும் மேலாக, கரிவாயுவில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு எரியாத நைட்ரஜன். ஆதலால் எஞ்சினின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்துவிடும். ஏற்றத்தில் வண்டி திணறும். பயணிகள் இறங்கி நடந்ததும் உண்டு.

இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. தானே வெடிக்காமல் தாங்கும் தன்மையில் கரிவாயு பெட்ரோலையும் விஞ்சியது. எனினும் அது தந்த ஆற்றலோ பெட்ரோலைவிடக் குறைவு. தாங்கும் தன்மை வேறு, ஆற்றல் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. கரி பெட்ரோலைவிடச் சிறந்தது என்று கருதி அதனைத் தேர்ந்தவர் எவருமில்லை. கிடைப்பது எது, எஞ்சின் ஏற்பது எது, சாலை வேண்டுவது எது என்னும் மூன்றையும் எண்ணிப் பார்த்தபோது அன்றைக்குப் பொருந்தியது அதுவே. வேகம் குறைந்தாலும் பயணம் நிற்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

ஐசோ ஆக்டேன் என்னும் நீர்மத்துக்கு 100 என்றும், எளிதில் தானே வெடிக்கும் ஹெப்டேனுக்கு 0 என்றும் ஆக்டேன் எண் வகுக்கப்பட்டுள்ளது. 91 ஆக்டேன் பெட்ரோல் என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை தாங்கும் அளவுக்குத் தாங்கும் பெட்ரோல் என்பது பொருள். அப்பெட்ரோலில் இவ்விரண்டும் அதே அளவில் இருக்கும் என்பது பொருளன்று.

வீட்டிலும் புதுவழி

மலேயா சப்பானியர் வசமானதால் இரப்பரும் அரிதாயிற்று. தேய்ந்த உருளிப் பட்டைகளுக்குப் புதுமேற்பரப்பு இட்டு மீண்டும் ஓடவிடும் தொழிலையும் சுந்தரத்தின் நிறுவனம் மேற்கொண்டது. இருப்பதைப் பேணிப் பயன்கொள்ளும் அதே நோக்கம் அங்கும் வெளிப்பட்டது.

அவருடைய மகள் சௌந்தரம் இளமையிலேயே கணவரை இழந்தார். கைம்பெண்கள் வீட்டின் இருளில் ஒடுங்கிக் கிடக்க வேண்டும் என்று சமூகம் விதித்திருந்த காலம். பெற்றோரின் ஊக்கத்தால் சௌந்தரம் படிப்பைத் தொடர்ந்து தில்லியில் மருத்துவம் பயின்றார். 1940ஆம் ஆண்டில் காந்தியடிகளின் வழிநின்ற கோ. இராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். திண்டுக்கல் அருகே 1947ஆம் ஆண்டில் காந்திகிராமம் தோன்றுவதற்கு இவ்விருவரும் காரணமாயினர்.

ஓய்ந்த பயணம், ஓயாத பாடம்

போர் ஓய்ந்து பெட்ரோல் மீண்டும் கிடைத்தபோது கரிக்கலன்கள் வண்டிகளிலிருந்து இறக்கப்பட்டன. பழைய முறையைப் பிடித்துக்கொண்டு எவரும் வருந்தவில்லை. காலம் மாறியபோது பொருத்தமும் மாறியது. தொழிற்பொறுப்பை மகன்களின் கையில் ஒப்படைத்த சுந்தரம், 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் கொடைக்கானலில் மறைந்தார். அவர் தொடங்கிய பேருந்துப் போக்குவரத்து 1972ஆம் ஆண்டில் நாட்டுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாக அடித்தளமாயிற்று. இன்று விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கோட்டத்தின் பேருந்துகள் திண்டிவனம் சாலையில் ஓடுகின்றன. தனியார் முயற்சியாய் முளைத்த பொதுப் பயணம், மக்களின் உடைமையாய்த் தழைத்திருப்பதன் அடையாளம் அது.

எரிபொருளைத் தேரும் கேள்வி இன்றும் முடிந்துவிடவில்லை. கரும்பு விளையும் விழுப்புரம் வட்டார மக்களுக்கு அக்கேள்வி மிகவும் அண்மையில் உள்ளது. கரும்புச்சாறும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகும் எத்தனாலாகிப் பெட்ரோலில் கலக்கின்றன. எத்தனாலின் ஆக்டேன் எண் பெட்ரோலினும் உயர்ந்தது, ஆற்றலோ குறைந்தது. அதற்கேற்ப வடிவமைத்த எஞ்சினுக்கு அது நன்மை தரும். பழைய வண்டியின் இரப்பர்க் குழாய்களுக்கு அது பொருந்துமா என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் நிற்கும்போது விலைப்பலகையைப் பார்க்குமுன் வண்டியின் கையேட்டைப் பார்க்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

உயர்ந்தது எது என்று கேட்பதினும், பொருந்துவது எது என்று கேட்பது பயனுடையது. திருக்குறுங்குடியில் பிறந்த அம்மனிதர் கரிப்புகையின் நடுவே நாட்டுக்குக் காட்டிய வழி இதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள வண்டியின் கையேட்டைப் படித்து, அதற்கு உரிய எரிபொருள் எது என்பதைக் குறித்து வருக.

2. கரியில் ஓடிய பேருந்துகள் பற்றி உங்கள் ஊர் முதியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. கிடைக்காததற்குக் காத்திருத்தல், கிடைப்பதைக் கொண்டு செயல்படுதல் ஆகிய இரண்டனுள் எது சிறந்தது என்பது குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.