ஜோனதன் ஸ்விஃப்ட்

ஜோனதன் ஸ்விஃப்ட் (நவம்பர் 30, 1667 – அக்டோபர் 19, 1745) அயர்லாந்தில் பிறந்த ஆங்கில எழுத்தாளரும் கவிஞரும் அரசியல் கட்டுரையாளரும் சமயகுருவும் ஆவார். அங்கத இலக்கியத்தின் தலைசிறந்த படைப்பாளிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். 1726 இல் வெளிவந்த கலிவரின் பயணங்கள் என்னும் புதினம் இவரது புகழ்பெற்ற படைப்பு. சிறுவர் கதையாகப் பரவலாக அறியப்படும் இந்நூல், உண்மையில் அதிகாரத்தின் போக்கையும் மனித மடமையையும் சாடும் அங்கதமாகும்.

இளமை

ஸ்விஃப்ட் டப்ளின் நகரில் பிறந்தார். இவர் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்னரே தந்தை இறந்துவிட்டதால், பெரிய தந்தையான காட்வின் ஸ்விஃப்டின் ஆதரவில் வளர்ந்தார். கில்கென்னி பள்ளியில் பயின்றபின், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் 1686 இல் பட்டம் பெற்றார். 1689 இல் இங்கிலாந்து சென்று, ஓய்வுபெற்ற அரசதந்திரியான சர் வில்லியம் டெம்பிளிடம் செயலாளராகப் பணியாற்றினார். அங்கே சிறுமியாக இருந்த எஸ்தர் ஜான்சனைச் சந்தித்தார். பிற்காலத்தில் ஸ்டெல்லா என ஸ்விஃப்ட் அழைத்த இவர், அவரது வாழ்நாள் தோழியானார். ஸ்விஃப்ட் 1695 இல் குருப்பட்டம் பெற்றார்.

அரசியல்

1704 இல் வெளியான ஒரு தொட்டியின் கதை என்னும் நூல், சமயப் பிரிவுகளின் பூசல்களை எள்ளி நகையாடியது. தொடக்கத்தில் விக் கட்சியினருடன் நெருக்கமாக இருந்த ஸ்விஃப்ட், 1710 இல் டோரி கட்சியினர் பக்கம் சேர்ந்தார். அவர்களது எக்சாமினர் இதழில் எழுதினார். பிரான்சுடனான போரை முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று வாதிட்டு 1711 இல் இவர் எழுதிய நூல் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. ஆயினும் இவர் எதிர்பார்த்த உயர்பதவி இங்கிலாந்தில் கிட்டவில்லை. 1713 இல் டப்ளின் புனித பேட்ரிக் பேராலயத்தின் டீன் பதவியே வழங்கப்பட்டது.

1714 இல் அரசி ஆன் இறந்ததும் டோரி ஆட்சி வீழ்ந்தது. இவரது நண்பர்களான அமைச்சர்களுள் ஹார்லி இலண்டன் கோபுரத்தில் சிறை வைக்கப்பட்டார். போலிங்புரோக் பிரான்சுக்குத் தப்பிச் சென்றார். ஸ்விஃப்ட் அயர்லாந்து திரும்பினார்.

துணி வணிகரின் கடிதங்கள்

அயர்லாந்துக்கான செப்பு நாணயங்களை அடிக்கும் உரிமை வில்லியம் வுட் என்ற ஆங்கிலேயருக்கு வழங்கப்பட்டது. அயர்லாந்து நாடாளுமன்றத்தைக் கலந்தாலோசிக்காமல் இவ்வுரிமை தரப்பட்டதால் எதிர்ப்பு எழுந்தது. 1724 இல் ஒரு துணி வணிகரின் பெயரால் ஸ்விஃப்ட் எழுதிய கடிதங்கள், அந்நாணயங்களை மறுக்குமாறு மக்களைத் தூண்டின. எழுதியவரைக் காட்டிக் கொடுப்போருக்கு 300 பவுண்டு பரிசு அறிவிக்கப்பட்டது. அவர் யார் என்பதைப் பலரும் அறிந்திருந்தும் ஒருவரும் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் கடிதங்களை அச்சிட்ட ஜான் ஹார்டிங் கைது செய்யப்பட்டார். 1725 இல் வுட்டின் உரிமை திரும்பப் பெறப்பட்டது.

கலிவரின் பயணங்கள்

இந்நூல் 1726 அக்டோபரில், ஸ்விஃப்டின் பெயரின்றி, இலண்டனில் பெஞ்சமின் மோட் என்பவரால் வெளியிடப்பட்டது. வழக்குக்கு அஞ்சி மோட் சில பகுதிகளை மாற்றினார். திருத்திய பதிப்பு 1735 இல் டப்ளினில் வெளிவந்தது. இது நான்கு பாகங்களைக் கொண்டது.

* லில்லிபுட்: ஆறு அங்குல உயர மனிதர்களின் நாடு. இங்குக் கயிற்றின்மேல் நன்றாக ஆடுபவருக்கே உயர்பதவி கிடைக்கும். முட்டையை எந்த முனையில் உடைப்பது என்பதற்காக அண்டை நாட்டுடன் போர் நடக்கிறது. பகைவரின் கப்பல்களைக் கவர்ந்து வந்த கலிவர், அந்நாட்டு மக்களை அடிமைப்படுத்த மறுத்ததும் துரோகியாக்கப்படுகிறார். டோரி அமைச்சர்களுக்கு நேர்ந்த கதியை இது குறிப்பதாக ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.
* பிராப்டிங்நாக்: பேருருவினரின் நாடு. வெடிமருந்து செய்யும் முறையைக் கற்றுத்தருவதாகக் கலிவர் கூற, அதன் அழிவாற்றலைக் கேட்ட மன்னர் திகைத்து மறுக்கிறார்.
* லபூட்டா: வானில் மிதக்கும் தீவு. கலகம் செய்யும் ஊர்களின்மேல் நின்று வெயிலையும் மழையையும் தடுத்து ஆள்கிறது. இத்தீவை ஓர் ஊர் எதிர்த்து வெல்லும் பகுதி, வுட் நாணய எதிர்ப்பின் உருவகமாகக் கருதப்படுகிறது. இப்பகுதி 1899 இல்தான் முதன்முதலாக அச்சேறியது.
* ஊயினம்கள்: பகுத்தறிவுள்ள குதிரைகளின் நாடு. மனித வடிவ யாகூக்கள் இங்கு இழிந்த விலங்குகளாக உள்ளனர். குதிரைகளைப் போற்றித் திரும்பும் கலிவர், தன் குடும்பத்தாரையே சகிக்க முடியாதவராகிறார். மடமையைக் கண்டு நகைப்பவரும் அதற்கு விலக்கல்ல என்பதே முடிவு.

இறுதிக் காலம்

ஸ்டெல்லா 1728 இல் இறந்தார். 1729 இல், ஏழைகளின் குழந்தைகளைச் செல்வர்க்கு உணவாக விற்கலாம் எனப் பொருளியல் அறிஞர் போன்ற தோரணையில் யோசனை கூறும் கட்டுரையை வெளியிட்டு, அயர்லாந்தின் வறுமையை உலகுக்கு உணர்த்தினார்.

இளமை முதலே தலைச்சுற்றலாலும் காது கேளாமையாலும் அவதியுற்றார். இது மெனியர் நோய் எனப் பின்னர் அறியப்பட்டது. 1742 இல் தம் அலுவல்களைக் கவனிக்க இயலாதவராக அறிவிக்கப்பட்டு, பாதுகாவலர் அமர்த்தப்பட்டனர். 1745 இல் இறந்த இவரது உடல், புனித பேட்ரிக் பேராலயத்தில் ஸ்டெல்லாவின் கல்லறையருகே அடக்கம் செய்யப்பட்டது. கல்லறை வாசகத்தை இலத்தீன் மொழியில் இவரே எழுதி வைத்திருந்தார்.

தம் செல்வத்தின் பெரும்பகுதியை மனநோயாளருக்கான மருத்துவமனை அமைக்க விட்டுச்சென்றார். 1757 இல் திறக்கப்பட்ட புனித பேட்ரிக் மருத்துவமனை இன்றும் டப்ளினில் இயங்கி வருகிறது.