பறவைக் கூட்டைச் சின்னமாக்கிய ஹென்றி நெஸ்லே



விளையாட்டுப் போட்டி நாளன்று பள்ளித் திடலுக்குப் பச்சை நிற மைலோ வண்டி வந்ததும் நீங்கள் மகிழ்வுடன் வரிசையில் நிற்பீர்கள் அல்லவா? வீட்டிலுள்ள மைலோ டின்னைத் திருப்பிப் பாருங்கள். சிறியதொரு பறவைக் கூடும், அதில் தாய்ப்பறவையும் இரு குஞ்சுகளும் தென்படும். அச்சின்னத்தை உலகிற்கு அளித்தவரே ஹென்றி நெஸ்லே.

இவர் 1814ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் பிறந்தார். தந்தையார் கண்ணாடித் தொழில் செய்தவர். பதினான்கு பிள்ளைகளுள் இவர் பதினோராமவர். உடன்பிறந்தோருள் பலர் இளமையிலேயே மறைந்தனர். குழந்தைச் சாவு என்பது அக்காலத்தில் ஐரோப்பிய இல்லங்களிலும் வழக்கமான துயரமாகவே இருந்தது.

மருந்துக்கடையில் தொழில் பயின்ற இளைஞர், சுவிட்சர்லாந்து சென்று வெவே என்னும் ஏரிக்கரை ஊரில் குடியேறினார். அங்குப் பிரெஞ்சு மொழி வழங்கியதால், ஹைன்ரிக் என்ற தம் பெயரை ஹென்றி என மாற்றிக்கொண்டார். எண்ணெய், சோடா நீர், எலுமிச்சைப் பானம், உரம், விளக்கெரிக்கும் வாயு எனப் பல தொழில்களில் ஈடுபட்டார். எதுவும் பெரும்புகழ் தரவில்லை. ஆயினும் அவர் சோர்வடையவில்லை.

பசும்பால், கோதுமை மாவு, சர்க்கரை ஆகியவற்றைக் கொண்டு, குழந்தைக்கு எளிதில் செரிக்கும் உணவொன்றை உருவாக்க அவர் பலகாலம் முயன்றார். 1867ஆம் ஆண்டில், குறைமாதத்தில் பிறந்து, எவ்வுணவையும் ஏற்காது தவித்த பச்சிளங்குழந்தை ஒன்றுக்கு அவ்வுணவு ஊட்டப்பட்டது. குழந்தை பிழைத்தது! செய்தி எங்கும் பரவியது. எனினும், முதல் மாதங்களில் தாய்ப்பாலே இயற்கையான உணவு என்றும், இயன்ற தாயர் அனைவரும் அதனையே ஊட்டல் வேண்டும் என்றும் அவரே தம் நூலில் வலியுறுத்தினார்.

நெஸ்லே என்னும் சொல் ஜெர்மன் வட்டார வழக்கில் சிறு கூட்டைக் குறிக்கும். அவருடைய குடும்பச் சின்னத்திலும் கூட்டின்மேல் ஒரு பறவை இருந்தது. 1868ஆம் ஆண்டில், தாய்ப்பறவை மூன்று குஞ்சுகளுக்கு இரையூட்டுவதாக அதனை மாற்றித் தம் வணிகச் சின்னமாக்கினார். அதற்குப் பதிலாகச் சுவிட்சர்லாந்துக் கொடியின் சிலுவையை இடலாம் என முகவர் ஒருவர் கேட்டார். சிலுவையை எவரும் இட்டுக்கொள்ளலாம், தம் குடும்பச் சின்னமோ தமக்கே உரியது என்று கூறி அவர் மறுத்துவிட்டார்.

1875ஆம் ஆண்டு நிறுவனத்தைப் பத்து இலட்சம் பிராங்குக்கு விற்று ஓய்வு பெற்றார். அவருக்குப் பிள்ளைப்பேறு இல்லை. 1890ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் பெயரோ வளர்ந்தது. 1905ஆம் ஆண்டு நிறுவனம் டின்பால் தயாரித்த ஆங்கிலோ சுவிஸ் நிறுவனத்துடன் இணைந்தது. 1912ஆம் ஆண்டு பினாங்கில் வணிகம் தொடங்கியது. 1934ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் மைலோவும், 1938ஆம் ஆண்டு நெஸ்கபேயும் பிறந்தன. 1947ஆம் ஆண்டு மேகி நிறுவனமும் சேர்ந்தது. 1962ஆம் ஆண்டு பெட்டாலிங் ஜெயாவில் தொழிற்சாலை எழுந்தது. 1988ஆம் ஆண்டில்தான் கூட்டின் மூன்று குஞ்சுகள் இரண்டாயின. தாயின் அலகிலிருந்த புழுவும் நீக்கப்பட்டது.

பெற்றோர்களே! கோல சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான் பகுதித் தோட்டங்களில் நம் முன்னோர் வாழ்ந்த வாழ்வை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பால்வெட்டச் சென்ற தாயர் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். எழுத்தறியாதோர் பலர், மேலிருந்த படத்தைப் பார்த்தே டின்பாலை வாங்கினர். காலியான பால் டின்னே அரிசி அளக்கும் படியாயிற்று. சர்க்கரை மிகுந்த அப்பாலைக் கைக்குழந்தைகளுக்கு ஊட்டியதால் உயிர்கள் மாய்கின்றன என்று 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் துணிந்து எச்சரித்தார். 1977ஆம் ஆண்டில், ஏழை நாடுகளில் குழந்தைப் பால்மாவை விற்ற முறையைக் கண்டித்து, நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் அமெரிக்காவில் எழுந்தது. 1981ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பதே இன்றைய மருத்துவ அறிவுரை.

மாணவர்களே! விடாமுயற்சியையும் தன் பெயர்மீது கொண்ட பற்றையும் நெஸ்லேயிடம் கற்போம். நம் பாட்டிமாருக்குப் படம் மட்டுமே வழிகாட்டியது. உங்களுக்கோ எழுத்தும் கைவந்துள்ளது. எப்பொருளை வாங்கினும் சின்னத்தைப் பார்த்ததோடு நில்லாது, அதில் கலந்துள்ளவை யாவை, சர்க்கரை எவ்வளவு என்று படித்து, வீட்டிலுள்ளோர்க்கும் எடுத்துச் சொல்லுங்கள். கற்ற கல்வி பயன்படும் இடம் அதுவே.