பரங்கிமலையில் தொடங்கிய நெடும் பயணம்

பரங்கிமலை உச்சியிலிருந்து பார்த்தால் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் கட்டடங்கள்தாம். 1802-ல் அங்கே வயலும் ஏரியும் பொட்டலுமாக இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி, சுட்டெரிக்கும் கோடையில், ஒரு ராணுவ அதிகாரி அந்தப் பொட்டலை எஃகுச் சங்கிலியால் அளக்க ஆரம்பித்தார். அவர்தான் வில்லியம் லாம்ப்டன்.

இங்கிலாந்தில் யார்க்ஷயரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். கணக்கில் புலி. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் பங்கு கொண்டார். போர் ஓய்ந்ததும், தென்னாட்டை முழுவதும் அளக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்கு எழுதினார். அனுமதி கிடைத்தபோது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

நானூறு சங்கிலி

பரங்கிமலை அருகிலிருந்து பெரும்பாக்கம் வரை சுமார் ஏழரை மைல். சங்கிலியின் நீளம் 100 அடி. நானூறு தடவை அதை வைத்து எடுக்க வேண்டும். வெயிலில் எஃகு நீளும். எனவே கூடாரத்தின் நிழலில் வைத்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். முதல் கோட்டில் ஓர் அங்குலம் பிசகினாலும் பிறகு வரும் கணக்கெல்லாம் பிசகிவிடும். மே 22-ந் தேதி வேலை முடிந்தது.

அதன் பிறகு சங்கிலிக்கு அதிக வேலை இல்லை. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்கள் கணக்கிலேயே வந்துவிடும். கோணம் பார்க்க அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி இருந்தது. மலைமலையாக அதைச் சுமந்துகொண்டு கூட்டம் நடந்தது. மேற்குக் கடற்கரையை எட்டியபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. பழைய படங்கள் அங்கே நாட்டை உண்மையைவிடச் சுமார் நாற்பது மைல் கூடுதல் அகலமாகவே காட்டியிருந்தன!

அறுந்த கயிறு

1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் மீது கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நசுங்கியது. வேறு யாராயிருந்தாலும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். லாம்ப்டன் சில வாரங்கள் கூடாரத்தை விட்டு அகலாமல், வளைந்ததைச் சிறிது சிறிதாக நிமிர்த்திச் சரிசெய்தார்.

கன்னியாகுமரிப் பக்கம் முடிந்ததும் பயணம் வடக்கே திரும்பியது. அங்கேதான் சோதனை. 1819-ல் கிருஷ்ணா, கோதாவரி நதிகளுக்கிடையே இருந்த அடர்ந்த காட்டுக்குள் அவருடைய உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் ஆட்களுடன் போனார். சுமார் 150 பேரைக் காய்ச்சல் வீழ்த்தியது. ஹைதராபாத்திலிருந்து யானைகளும் பல்லக்குகளும் அனுப்பி அவர்களை மீட்டார்கள். பதினைந்து பேர் வழியிலேயே மாண்டனர். சங்கிலி பிடித்தவர்கள், கொடி நட்டவர்கள், பெட்டி சுமந்தவர்கள் ஆகியோர் பெயர்கள் எந்தச் சிகரத்திலும் இல்லை.

பெயர் யாருக்கு?

லாம்ப்டன் நிற்கவில்லை. ஏறக்குறைய எழுபது வயதில், ஹைதராபாத்திலிருந்து நாகபுரிக்குப் போகும் வழியில், 1823 ஜனவரி 20-ந் தேதி ஹிங்கன்காட் என்ற ஊரில் உயிர் நீத்தார். அங்கேயே அவர் கல்லறை இருக்கிறது. இமயமலையை அவர் பார்க்கவில்லை.

எவரெஸ்ட் அந்தக் கோட்டைத் தொடர்ந்து, 1841-ல் இமயத்தின் அடிவாரம் வரை முடித்தார். குமரியிலிருந்து சுமார் 1,500 மைல்! உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரம் 1856-ல் அறிவிக்கப்பட்டது. 1865-ல் அதற்கு எவரெஸ்ட் பெயர் நிலைத்தது. இத்தனைக்கும் சிகரத்தின் உயரத்தைக் கண்டது எவரெஸ்ட் ஓய்வு பெற்ற பிறகு.

சிகரத்துக்கு ஒருவர் பெயர் கிடைத்தது. அதற்குப் போகும் கணக்கின் முதல் அடியை வைத்தவருக்கு, வழியில் ஒரு கல்லறை கிடைத்தது. பரங்கிமலைப் பக்கம் போகிறவர்கள் ஒரு நிமிஷம் அவரை நினைத்துக்கொள்ளலாம்.