வெள்ளிக்குக் காத்திருந்த லெ ஜென்தீ

நம் செஞ்சிக் கோட்டை 1761 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர் கையினின்று ஆங்கிலேயர் வசமாயிற்று. அதற்கு முன்னரே, சனவரியில், புதுச்சேரி வீழ்ந்துவிட்டது. கதிரவனை வெள்ளிக்கோள் கடப்பதைக் கண்டு, கதிரவனின் தொலைவைக் கணிக்க அவ்வூர் நோக்கிக் கப்பலேறிய வானியலறிஞர் கியோம் லெ ஜென்தீ, மலையாளக் கரையில் மாகே அருகே செய்தியறிந்து திரும்ப நேர்ந்தது. சூன் 6 அன்று கடலிலிருந்தே வெள்ளியைக் கண்டார். ஆனால் ஆடும் கப்பலில் நேரத்தைத் துல்லியமாகக் குறிப்பதெங்கே?

அடுத்த வாய்ப்பு 1769இல். அதுவும் தவறினால் 1874இல்தான்! எனவே கீழ்த்திசையிலேயே தங்கிவிட்டார். பிரெஞ்சுக்காரர் மீளப்பெற்ற புதுச்சேரியில், இடிந்த கோட்டையின்மேல் அவருக்கு ஆய்வுக்கூடம் எழுந்தது. அடியில் வெடிமருந்துக் கிடங்கு! நேற்றைய பகைவரான சென்னை ஆங்கிலேயர் 3 அடித் தொலைநோக்கியொன்றை அனுப்பினர். ஒற்றை வில்லை ஒளியை நிறங்களாகப் பிரித்து உருவின் விளிம்பைக் கலங்கச் செய்யும். அதைக் குறைக்கவே முன்னோர் குழாயை மிக நீளமாக்கினர். 1758இல் இலண்டன் டாலண்டு இருவகைக் கண்ணாடி வில்லைகளை இணைத்தார். ஒன்று பிரித்த நிறத்தை மற்றொன்று சேர்த்தது, குழாயும் குறுகிற்று.

சூன் 4 விடியலில் மேகம் திரண்டது. வெள்ளி விலகிய பின்னரே கதிரவன் தெரிந்தான். முன்பு அவர் தங்கியிருந்த மணிலாவிலோ வானம் தெளிவு!

1771இல் தாயகம் சேர்ந்தபோது, இறந்தவராகக் கருதி உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர்; அறிவியற் கழக இடமும் பறிபோயிருந்தது. இடத்தை மீளப்பெற்றார், மணமும் புரிந்தார். 1792இல் மறைந்தார். புதுச்சேரியில் தமிழரொருவரிடம் சோழிகளால் கிரகணம் கணிக்கக் கற்றதை, 1779இலும் 1781இலும் வெளிவந்த பயண நூலில் எழுதி வைத்தார்.