அப்பா வாங்கிக்கொடுத்த கிற்றார்

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, 1967இல் மொன்டரே இசை விழா மேடையில் தன் கிற்றாருக்குத் தீ மூட்டிய இளைஞனின் படம்தான். ஆனால் அதற்குச் சில வருடங்களுக்கு முன்னர் ஒரு கிற்றாருக்காக ஏங்கித் திரிந்த ஏழைச் சிறுவனும் அவரேதான்.

1942 நவம்பர் 27ஆம் திகதி அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் அவர் பிறந்தார். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. தந்தை அல் இராணுவத்தில் இருந்தார். போர் முடிந்து வந்த பிறகுதான் அவர் தன் மகனின் முகத்தைப் பார்த்தார். வறுமையும் குடியும் அந்த வீட்டை உடைத்தன. பெற்றோர் பிரிந்தார்கள். தம்பி தங்கைமார் வேறு வீடுகளில் வளர்ந்தார்கள். 1958இல் தாய் லூசில் இறந்தபோது ஜிமிக்கு 15 வயது.

கையில் கிற்றார் இல்லாத காலத்தில் அவர் தும்புத்தடியைக் கிற்றாராகப் பிடித்து வாசித்தார். தந்தையோடு குப்பை அகற்றும் வேலைக்குப் போன இடத்தில் ஒற்றைத் தந்தியுள்ள உகுலேலே ஒன்று கிடைத்தது. பிறகு 5 டொலருக்கு ஒரு பழைய மரக் கிற்றார் வந்தது. ஆனால் இசைக்குழுவின் சத்தத்துக்கு நடுவே அது எடுபடவில்லை.

1959இல், தோட்ட வேலை செய்து பிழைத்த அல், மகனுக்கு வெள்ளை நிற சுப்ரோ ஓசார்க் மின்கிற்றாரை வாங்கிக்கொடுத்தார். தனக்கும் ஒரு சக்சபோன் எடுத்தார். பணம் கட்ட முடியாமல் போனபோது சக்சபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மகனின் கிற்றாரை வைத்துக்கொண்டார். ஜிமி இடதுகைக்காரர். கடைகளில் கிடைப்பவை வலதுகைக் கிற்றார்கள் என்பதால், தந்திகளை மாற்றிக் கட்டித் தலைகீழாகப் பிடித்து வாசித்தார். சொந்தமாக அம்ப்ளிபையர் இல்லை. அது இல்லாவிட்டால் மின்கிற்றாரின் ஒலி பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது.

ஒருநாள் இரவு நிகழ்ச்சி நடந்த இடத்தில் விட்டுவந்த அந்தக் கிற்றார் களவு போனது. அல் திரும்பவும் பணம் சேர்த்து, சிவப்பு நிற சில்வர்டோன் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். ஜிமி அதில் தன் காதலியின் பெயரை எழுதிவைத்தார்.

1961இல் களவெடுத்த வாகனங்களில் போனதாகப் பொலிசார் அவரை இரண்டு தடவை பிடித்தார்கள். சிறையா, இராணுவமா என்ற நிலையில் இராணுவத்தில் சேர்ந்து, 101ஆவது வான்வழிப் படைப்பிரிவில் பரசூட் வீரரானார். முகாமிலிருந்து தந்தைக்குக் கடிதம் எழுதி, அந்தச் சிவப்புக் கிற்றாரை அனுப்பச் சொன்னார். அது வந்து சேர்ந்த பிறகு மனம் பயிற்சியில் நிற்கவில்லை. அங்கேதான் பில்லி கொக்ஸ் என்ற பேஸ் வாத்தியக்காரர் நண்பரானார். 1962இல் இராணுவம் ஜிமியை விடுவித்தது. அவர் இருந்த படைப்பிரிவு பின்னர் வியட்நாமுக்குப் போனது.

சில வருடங்கள் மற்றவர்களின் பின்னால் நின்று வாசித்தவர், 1966இல் இலண்டன் சென்ற பிறகு உலகப் புகழ் பெற்றார். 1969 ஓகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை. வூட்ஸ்டொக் விழாவுக்கு வந்த கூட்டத்தில் பெரும்பகுதி கலைந்துவிட்டது. மிஞ்சி நின்றவர்கள் முன் அவர் அமெரிக்கத் தேசிய கீதத்தைக் கிற்றாரில் வாசித்தார். மெட்டுக்கு நடுவே குண்டு கூவி வந்து விழுந்தது, வெடித்தது, ஓலம் எழுந்தது. இறந்த படையினருக்கு ஊதும் எக்காள மெட்டும் அதற்குள் வந்தது. வார்த்தை ஒன்றுகூட இல்லை. அன்று பக்கத்தில் நின்று பேஸ் வாசித்தவர் முகாம் நண்பர் பில்லி கொக்ஸ். 1970 புத்தாண்டு நாளில் 'மெஷின் கன்' பாடலை, வியட்நாமில் போரிடுவோருக்கும் அமெரிக்க நகரங்களின் தெருக்களில் போராடுவோருக்கும் சேர்த்தே அவர் அர்ப்பணித்தார்.

ஷெல் கூவிவரும் சத்தத்தை வைத்தே அது எங்கே விழும் என்று கணித்துப் பழகிய எங்கள் சனத்துக்கு, அந்த வாசிப்பை யாரும் விளக்கத் தேவையில்லை. மொழி தெரியாதவருக்கும் அந்தச் சத்தம் தெரியும். பேச முடியாததை ஒரு வாத்தியம் பேசும் என்பதற்கு அது சாட்சி.

1970 செப்டெம்பர் 18ஆம் திகதி இலண்டனில் ஜிமி இறந்தார். வயது 27. தாய்க்கு அடுத்ததாக மகனையும் இழந்த அல், அதன்பிறகு 30 வருடங்களுக்கு மேல் வாழ்ந்தார். தன் சக்சபோனைத் திருப்பிக் கொடுத்துக் காப்பாற்றிய கிற்றாரில் தொடங்கியது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அந்தத் தந்தை பார்த்துவிட்டுத்தான் போனார்.