கண்ணிவெடி மீது பாய்ந்த சுபேதார்

திருச்சி மலைக்கோட்டை உச்சியில் நின்றால் என்ன தெரியும்? காவிரி தெரியும். பாலம் தெரியும். அக்கரையில் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் தெரியும். பாலத்தில் வரும் வண்டிகளைக்கூட எண்ணிவிடலாம்.

இத்தாலி நாட்டில் காசினோ மலையும் அப்படித்தான். உச்சியில் பழைய கிறிஸ்தவ மடம். கீழே ரோமாபுரிக்குப் போகும் சாலை. 1944-ம் ஆண்டுத் தொடக்கத்தில் மலை ஜெர்மானியர் வசம் இருந்தது. கீழே யார் வந்தாலும் அவர்களுக்குத் தெரியும். போதாததற்கு, பின்வாங்கிய வழியெல்லாம் கண்ணிவெடிகளைப் புதைத்து வைத்திருந்தார்கள்.

அந்த வெடிகளை எடுத்து வழி செய்தவர்களில் நம்மவர்களும் உண்டு! 'மதராஸ் சாப்பர்ஸ்' என்ற பட்டாளம் அது. 1780-ல் ஏற்பட்டது. இன்றும் பெங்களூரில் இருக்கிறது. பாலம் கட்டுவது, சாலை போடுவது, வெடி எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. ராணுவத்தில் இவர்களுக்குச் செல்லப்பெயர் 'தம்பி'.

அந்தப் பட்டாளத்தில் ஒரு சுபேதார், சுப்பிரமணியம். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். வீரத்துக்காக முன்பே ஒரு பதக்கம் வாங்கியவர்.

வெடி தேடும் கருவி நீண்ட கம்பு போல இருக்கும். அதன் நுனியை மண்ணுக்கு மேலே மெல்ல ஆட்டிக்கொண்டே நடக்க வேண்டும். அடியில் இரும்பு இருந்தால் காதில் ஒலி கேட்கும். தேடி முடித்த பாதைக்கு வெள்ளை நாடாவால் அடையாளம் போடுவார்கள். நாடாவைத் தாண்டிக் கால் வைத்தால் ஆபத்து.

1944 பிப்ரவரி 24. காசினோவுக்குச் சில மைல் இப்பால் மிக்னானோ என்ற ஊர். சுப்பிரமணியம் முன்னால் போனார். அவருடைய ஆட்கள் பின்னால் வந்தார்கள். பின்னால் வந்த ஒருவர் கால் ஒரு வெடியின்மேல் பட்டுவிட்டது!

அது பொல்லாத ஜாதி வெடி. மிதித்த உடனே வெடிக்காது. சுமார் 4 விநாடி பொறுத்து, இடுப்பு உயரத்துக்கு எம்பி வெடிக்கும். உள்ளேயிருந்து 300-க்கு மேற்பட்ட இரும்புக் குண்டுகள் நாலாபுறமும் சிதறும். நிற்கிறவர்கள் பிழைப்பது அரிது.

சுபேதாருக்கு இது தெரியும். தாம் மட்டும் தரையோடு தரையாகப் படுத்திருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம். அவர் திரும்பினார். வெடியின்மேல் பாய்ந்து விழுந்தார். வெடித்ததை உடம்பிலேயே தாங்கிக்கொண்டார். கூட வந்தவர்கள் பிழைத்தார்கள். அவர் அங்கேயே இறந்தார்.

அந்த ஆண்டே அவருக்கு ஜார்ஜ் சிலுவை என்ற விருது அறிவிக்கப்பட்டது. விக்டோரியா சிலுவைக்குச் சமமாக வைத்து எண்ணப்படுவது அது.

காசினோ மலை மே 18-ல் பிடிபட்டது. ஜூன் 4-ல் நேச நாட்டுப் படைகள் ரோமாபுரிக்குள் நுழைந்தன.